கருந்துளையா, கரும்பொருட் கோளமா? பால்வீதியின் நடுவத்தைக் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டு அரச அறிவியல் கழகம் அவ்வாண்டிற்குரிய இயற்பியல் நோபல் பரிசை மூவருக்குப் பகிர்ந்தளிப்பதாக அறிவித்தது. பரிசின் ஒரு பாதி இங்கிலாந்து நாட்டுக் கணிதப் பேரறிஞர் ராஜர் பென்ரோஸ் அவர்களுக்கும், மற்றொரு பாதி ஜெர்மானியரான ரைன்ஹார்ட் கென்சல், அமெரிக்கரான ஆண்ட்ரியா கேஸ் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. கருந்துளைகள் தோன்றுதல் பொதுச் சார்பியல் கோட்பாட்டின் உறுதியான விளைவு என்று கண்டதற்காகப் பென்ரோஸ் பாராட்டப்பெற்றார். கென்சலும் கேசும் பாராட்டப்பெற்றதற்குக் கழகம் கூறிய காரணமோ, நமது விண்மீன் மண்டலத்தின் நடுவில் மிகப்பெரு நிறையுடைய செறிந்த பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தமை என்பதே. முதற் பாராட்டில் வந்த 'கருந்துளை' என்னும் சொல் இரண்டாம் பாராட்டில் வரவில்லை. உலகெங்கும் செய்தித்தாள்கள் மறுநாளே அச்சொல்லைத் தாங்களாகச் சேர்த்துக்கொண்டன. கழகமோ அதனை எழுதாமல் நிறுத்திக்கொண்டது.

இது எழுத்துப் பிழையன்று, தற்செயலுமன்று. கென்சலும் கேசும் அளந்தது ஒரு நிறையையும், அந்நிறை அடங்கியிருக்கும் இடத்தின் சிறுமையையுமே. அது கருந்துளைதான் என்பது அவ்வளவையிலிருந்து பெறப்படும் முடிவு. அம்முடிவு மிக வலிமையானதே. எனினும் அளந்தறிந்ததற்கும் முடிவாகப் பெற்றதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் கடந்த அறுபது ஆண்டுகளாகச் சில அறிஞர் நின்று, விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பது கருந்துளையாகத்தான் இருக்கவேண்டுமா, செறிந்து திரண்ட கரும்பொருளாக இருத்தல் கூடாதா என்று வினவி வந்துள்ளனர். அவர்களுடைய வினாவின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம். நம் பிரசங்கங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் 'கருந்துளை' என்பது இப்போது எளிதாக எடுத்தாளப்படும் உவமையாகிவிட்டது. உவமைக்கு எடுப்போர் அதைப் பற்றிய அறிவு எவ்வளவு உறுதியானது, அவ்வுறுதி எவ்வாறு கிட்டியது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஒரு குருவானவரின் கணக்கு

இவ்வரலாறு ஓர் ஆலயப் பணியாளரிடமிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள தோர்ன்ஹில் சேகரத்தின் குருவானவராக 1767 முதல் 1793-இல் தாம் இறக்கும் வரை பணியாற்றிய ஜான் மிச்செல், கேம்பிரிட்ஜில் கற்றவர். நில அதிர்ச்சியைப் பற்றி 1760-இல் எழுதிப் புகழ்பெற்றவர். பூமியின் அடர்த்தியை அளப்பதற்கு அவர் தாமே வகுத்து அமைத்த முறுக்குத் தராசு, அவர் மறைவுக்குப்பின் ஹென்றி கேவண்டிஷ் கைக்கு வந்து, 1798-இல் புகழ்பெற்ற சோதனைக்குக் கருவியாயிற்று. ஆயினும் பாட நூல்களில் கேவண்டிஷின் பெயர் நிற்க, குருவானவரின் பெயர் மறைந்துவிட்டது.

1783 நவம்பரில் இலண்டன் அரச கழகத்தில் வாசிக்கப்பெற்ற அவருடைய கடிதமே நமக்கு இங்கே வேண்டுவது. ஒளி துகள்களால் ஆனது என்னும் நியூட்டனின் கருத்தை ஏற்றுக்கொண்டு, எறிந்த கல்லைப் பூமி இழுத்துக்கொள்வதுபோல் விண்மீனும் தன் ஒளியை இழுத்துக்கொள்ளக்கூடுமன்றோ என்று மிச்செல் வினவினார். சூரியனுக்கு ஒத்த அடர்த்தியும் சூரியனைப்போல் 500 மடங்கு விட்டமும் உடைய விண்மீன் ஒன்று இருக்குமாயின், அதிலிருந்து புறப்படும் ஒளி நம்மை எட்டாமல் திரும்பிவிடும் எனக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியாத அத்தகைய பொருளை அறிவது எப்படி? அதனைச் சுற்றிவரும் ஒளியுடைய விண்மீன் ஏதேனும் இருக்குமாயின், அதன் இயக்கத்தைக் கொண்டு நடுவிலுள்ள இருண்ட பொருளை ஊகித்தறியலாம் என்று அவரே வழியும் கூறினார். கென்சலும் கேசும் செய்தது, 200 ஆண்டுகளுக்குமேல் கழித்து, மிச்செல் சொன்ன அதே வழியைப் பின்பற்றியதேயாகும்.

பிரான்சில் லாப்லாஸ் 1796-இல் இதே கருத்தை வெளியிட்டு, தம் நூலின் பிந்திய பதிப்புகளில் அதனை விலக்கிவிட்டார். ஒளி அலையாகும் என்ற கொள்கை வலுப்பெற்றபின் இருண்ட விண்மீனைப் பற்றிய பேச்சு ஒருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அடங்கிக் கிடந்தது. 1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவுசெய்தார்; முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணியாற்றிக்கொண்டிருந்த கார்ல் ஸ்வார்ட்ஸ்சைல்டு சில வாரங்களுக்குள் அதன் சமன்பாடுகளுக்கு முதல் தீர்வைக் கண்டார்; 1916 மே மாதத்தில் நோயினால் இறந்தார். ஒரு நிறை குறிப்பிட்ட ஆரத்திற்குள் ஒடுங்கிவிடுமாயின் அதிலிருந்து ஒளியும் வெளிவராது என்பது அத்தீர்வில் பொதிந்திருந்தது. எனினும் அதனை மெய்யாக எடுத்துக்கொள்வதற்கு அறிஞர் உலகிற்கு நெடுங்காலம் சென்றது.

தாங்கி நிற்கும் ஆற்றல்

கரும்பொருட் கோளம் என்னும் எண்ணத்தைப் புரிந்துகொள்வதற்கு, இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் சுருங்கத் தொடங்கும்போது அதனைத் தாங்கி நிறுத்துவது எது? இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது என்று 1925-இல் வொல்ஃப்காங் பவுலி வகுத்த விதி இதற்கு விடை தந்தது. நெருக்க நெருக்க, எலெக்ட்ரான்கள் மேன்மேலும் விரைவான நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன; அவ்விரைவே ஒருவகை அழுத்தமாகி விண்மீனைத் தாங்குகிறது. வெப்பமே இல்லாவிடினும் இவ்வழுத்தம் நிற்கும். வெண்குறு விண்மீன்கள் இவ்வாறுதான் நிலைபெறுகின்றன என்று 1926-இல் ஆர். எச். ஃபவுலர் காட்டினார். பவுலியின் விதிக்கு உட்பட்ட எலெக்ட்ரான், நியூட்ரான், நியூட்ரினோ போன்ற துகள்கள் யாவும் ஃபெர்மியான்கள் எனப்படும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் இங்கிலாந்திற்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், இத்தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கண்டார். எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அழுத்தம் போதாமற்போகும்; சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய வெண்குறு விண்மீன் நிலைபெற இயலாது. 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவை எடுத்துரைத்ததும், அக்காலத்து வானியலின் தலைமகனாக விளங்கிய ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இவ்வளவு பொருத்தமற்ற முறையில் நடந்துகொள்ளாதபடி தடுக்கும் இயற்கை விதி ஒன்று இருந்தாகவேண்டும் என்னும் பொருள்பட அதனை மறுத்தார். அவையில் நகைப்பொலி எழுந்தது. எடிங்டன் குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்தர். போரை மனச்சான்றின்படி எதிர்த்தவர். சார்பியலை ஆங்கில உலகிற்கு விளக்கியவர். அத்தகையவரே கணக்கு காட்டிய வழியை உள்ளுணர்வின் பெயரால் அடைத்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது.

இதே கணக்கை நியூட்ரான்களுக்கு 1939-இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் போட்டுப் பார்த்து, ஏறத்தாழ 0.7 சூரிய நிறை என்னும் எல்லையைப் பெற்றனர். அணுக்கரு விசையை அவர்கள் கணக்கில் சேர்க்காமையால், மெய்யான நியூட்ரான் விண்மீனுக்கு எல்லை இதனினும் பெரிது. நமக்கு இங்கே முக்கியமானது அவ்வெண்ணன்று, அதனுள் அடங்கிய விதியே. தாங்கும் துகள் எவ்வளவு இலேசானதோ, அவ்வளவு பெரிய நிறையை அது தாங்கும். துகளின் நிறை பாதியானால் தாங்கக்கூடிய எல்லை நான்கு மடங்காகும். எனவே நியூட்ரானைவிடப் பன்மடங்கு இலேசான, ஒளியோடு தொடர்பற்ற ஃபெர்மியான் ஒன்று இருக்குமாயின், இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான சூரிய நிறையுள்ள இருண்ட கோளம் ஒன்று கருந்துளையாகாமலே நிலைபெறக்கூடும். ரஷ்ய இயற்பியலறிஞர் மார்க்கோவ் 1964-ஆம் ஆண்டிலேயே நியூட்ரினோக்களாலான பெருவிண்மீன்களைப் பற்றி எழுதினார்.

அத்தகைய பொருள் விண்வெளியில் உண்டு என்று நம்புவதற்கு வேறொரு புறத்திலிருந்தும் காரணம் வந்தது. 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா மண்டலத் திரளில், ஒளி தரும் பொருளின் ஈர்ப்பால் மட்டும் விளக்கவியலாத வேகங்களைக் கண்டார். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் புறப்பகுதிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சுழல்வதைக் காட்டினர். ஒளிராத, ஆனால் ஈர்க்கும் கரும்பொருள் மண்டலங்களைச் சூழ்ந்திருக்கிறது என்பது இன்று பெரும்பான்மையோர் ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். அது எத்துகளால் ஆனது என்பது இன்றளவும் தெரியவில்லை. மண்டலத்தின் புறத்தே பரவிக்கிடக்கும் அப்பொருள் அதன் நடுவிலும் திரண்டிருக்கலாமன்றோ என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

நடுவத்தை நோக்கி

இனிப் பால்வீதியின் நடுவத்திற்கு வருவோம். அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில், தனுசு இராசியின் திசையில் உள்ளது. இடையே அடர்ந்த தூசி. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இலட்சங்கோடியில் ஒரு பங்கே நம்மை வந்தடைகிறது. ஆகவே அந்நடுவத்தை முதலில் 'கண்டது' வானொலி அலைகளே. கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் அத்திசையிலிருந்து வரும் வானொலி இரைச்சலைக் கேட்டார். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் குவாசர்களின் பெருந்தொலைவைக் கண்டபின், அவற்றின் பேரொளிக்கு மூலம் எது என்ற வினா எழுந்தது. பெருநிறைக் கருந்துளையில் பொருள் விழுவதே அதன் மூலம் எனவும், அமைதியான மண்டலங்களின் நடுவிலும் அவிந்த குவாசர்கள் கிடக்கும் எனவும் டொனால்டு லிண்டன்-பெல் 1969-இல் எழுதினார். 1971-இல் அவரும் மார்ட்டின் ரீசும் பால்வீதியின் நடுவில் எதைத் தேடவேண்டும் என்று குறிப்பிட்டனர். 1974 பிப்ரவரியில் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் ஆகிய இருவரும் அங்கே மிகச் சிறிய வானொலி மூலம் ஒன்றைக் கண்டனர். அது இன்று 'தனுசு ஏ*' என வழங்கப்படுகிறது.

அதன் நிறையை அறிவதற்கு முதலில் வாயுக்களின் வேகம் பயன்பட்டது. கலிஃபோர்னியாவில் சார்லஸ் டௌன்ஸ் குழுவினர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முப்பது நாற்பது இலட்சம் சூரிய நிறை அங்கே அடங்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டனர். இளைஞரான கென்சல் அக்குழுவில் பணியாற்றினார். ஆயினும் பலர் ஐயுற்றனர், அவ்வையம் நியாயமானதே. வாயுவைக் காற்றும் காந்தப்புலமும் வெடிப்புகளும் தள்ளக்கூடும். விண்மீனையோ ஈர்ப்பொன்றே நடத்தும். எனவே கென்சல் குழுவினர் 1992 முதல் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கிகளாலும், கேஸ் குழுவினர் 1995 முதல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியாலும் நடுவத்தை அடுத்துள்ள விண்மீன்களை அகச்சிவப்பு ஒளியில் ஆண்டுதோறும் படம்பிடித்து, அவை நகர்வதை அளந்தனர். இரு குழுக்களும் ஒன்றையொன்று நம்பாமல் போட்டியிட்டு வேலை செய்தமை அறிவியலுக்குப் பெரும் நன்மையாயிற்று என்பது நம் கருத்து. ஒரே குழுவின் அளவை மட்டும் இருந்திருந்தால் ஐயம் இவ்வளவு விரைவில் தீர்ந்திராது.

ஒருபுறம் அளவைகள் நடைபெற, மறுபுறம் மாற்று விளக்கங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பெற்றன. மிக எளிய மாற்று, இறந்த விண்மீன்களின் திரள் என்பதாகும்: நியூட்ரான் விண்மீன்களோ, சிறு கருந்துளைகளோ இலட்சக்கணக்கில் நெருங்கிக் கிடந்தாலும் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒரே இருண்ட நிறையாகவே தோன்றும். இஸ்ரேல் நாட்டு அறிஞர் இயால் மாவோஸ் 1998-இல் இதற்குத் தெளிவான விடை பகர்ந்தார். அவ்வளவு நெருக்கமான திரளில் உறுப்புகள் ஒன்றையொன்று மோதும், அல்லது ஒன்றையொன்று வெளியே எறியும், திரள் கலைந்துபோகும். பால்வீதியிலும், 1995-இல் நீராவி மேசர்களின் சுழற்சியால் நிறை அளக்கப்பெற்ற என்.ஜி.சி. 4258 என்னும் மண்டலத்திலும், அத்தகைய திரளின் ஆயுள் பத்துக் கோடி ஆண்டு அளவினதே. மண்டலங்களின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளை எட்டுவது. ஆகவே திரள் என்னும் விளக்கம் நிற்காது. ஆனால் மாவோஸ் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். தனித்தனி விண்மீன்களுக்கே இக்கணக்கு பொருந்தும். அணுவினும் நுண்ணிய துகள்களாலான கோளத்திற்கு இது பொருந்தாது. அக்கதவின் வழியாகவே கரும்பொருட் கோளம் உள்ளே வந்தது.

கேப் டவுனிலிருந்து லா பிளாட்டா வரை

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராவுல் வியோலியே 1993 முதல் தம் உடனுழைப்பாளருடன் இக்கருத்தை வளர்த்தார். பத்து முதல் இருபத்தைந்து கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் வரையுள்ள நிறையுடைய நியூட்ரினோ போன்ற ஃபெர்மியான் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். இது எலெக்ட்ரானின் நிறையில் இருபதில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரை உள்ளதாகும். இத்தேர்வு வெறும் விருப்பத்தால் ஆனதன்று. அந்நாளில் அளக்கப்பெற்ற மிகப்பெரிய இருண்ட நிறை, எம்-87 மண்டலத்தின் நடுவில் உள்ள ஏறத்தாழ 300 கோடி சூரிய நிறை. அதனையும் பால்வீதியின் நடுவத்தையும் ஒரே துகளால் விளக்கவேண்டுமாயின் துகள் இவ்வளவு இலேசாக இருந்தாகவேண்டும். கருந்துளையை எங்கும் அழைக்காமல் எல்லா மண்டலங்களையும் ஒரே பொருளால் விளக்கிவிடும் அழகு அக்கொள்கையில் இருந்தது.

ஆனால் இலேசான துகள் பெரிய கோளத்தை உண்டாக்கும். 17 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் துகள்களால் பால்வீதியின் நடு நிறையை அமைத்தால், அக்கோளத்தின் ஆரம் ஏறத்தாழ 20 ஒளி-நாள் ஆகும். அதாவது ஒளி அதன் விளிம்பிலிருந்து நடுவிற்குச் செல்ல மூன்று வாரம் பிடிக்கும். கருந்துளையாயின் அதே நிறை ஒரு கோடியே இருபத்தேழு இலட்சம் கிலோமீட்டர் ஆரத்திற்குள், ஒரு நிமிடத்திற்கும் குறைவான ஒளிப்பயணத்தில், அடங்கிவிடும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை அளந்தறியக்கூடியது. ஒரு விண்மீன் கோளத்தினுள் நுழைந்துவிட்டால், அதனை நடுநோக்கி இழுப்பது அதற்கு உட்புறத்தில் உள்ள நிறை மட்டுமே. அதன் பாதை மாறிவிடும்.

2002-ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அந்தச் சோதனை தானாகவே நிகழ்ந்தது. ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடுவத்தைச் சுற்றிவரும் எஸ்-2 என்னும் விண்மீன், நடுவத்திற்கு 17 ஒளி-மணித் தொலைவு வரை நெருங்கிச் சென்று திரும்பியது. வியோலியே கூறிய கோளம் அங்கே இருந்திருப்பின், எஸ்-2 அதனுள் ஆழப் புகுந்து சென்றிருக்கவேண்டும். அதன் பாதையோ ஒரு புள்ளியில் குவிந்த நிறையைச் சுற்றும் பாதையாகவே இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ரைனர் ஷோடெல், கென்சல் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, விண்மீன் திரளும் ஃபெர்மியான் கோளமும் இனி ஏற்கத்தக்கன அல்ல என்று கூறியது. அவர்கள் சொன்னது அப்போது முன்வைக்கப்பெற்றிருந்த கோளத்தைப் பற்றிய அளவில் முற்றிலும் சரியே.

எனினும் கொள்கை மடிந்துவிடவில்லை. துகளின் நிறையை இரட்டித்தால் கோளம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே கனமான துகளை எடுத்துக்கொண்டால் எஸ்-2 நுழையாத அளவிற்குக் கோளத்தைச் சிறிதாக்கிவிடலாம். இத்தாலியில் ரெமோ ருஃபினி, கொலம்பியரான ஹோர்ஹே ருவேடா, அர்ஜென்டினா நாட்டின் லா பிளாட்டாவைச் சேர்ந்த கார்லோஸ் ஆர்குவெல்யெஸ் ஆகியோர் 2015-இல் இவ்வழியில் ஒரு மாதிரியை வெளியிட்டனர். நடுவே செறிந்த உள்ளகம். அதனைச் சூழ்ந்து, மண்டலத்தின் எல்லை வரை பரவிய மெல்லிய புறவெளி. இரண்டும் ஒரே துகளால் ஆனவை. ரூபின் அளந்தது போன்ற புறச்சுழற்சியையும் நடுவத்து நிறையையும் ஒரே தீர்வு தருவதே இம்மாதிரியின் சிறப்பு. கருந்துளையை ஏற்போர்க்கு இவை இரண்டும் தொடர்பற்ற தனித்தனிச் செய்திகள். 2020-இல் இக்குழுவினர் 56 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் துகளை வைத்து எஸ்-2-வின் பாதையைக் கணக்கிட்டு, அளவைகளோடு அது கருந்துளைக்கு ஈடாகவே பொருந்துகிறது என்று காட்டினர். நோபல் அறிவிப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். கழகத்தார் சொல்லை அளந்து பயன்படுத்தியதை நாம் மெச்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்கவேண்டியுள்ளது. முன்னே கூறிய விதியின்படி, கனமான துகள் குறைந்த நிறையையே தாங்கும். 56 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் துகளுக்கு எல்லை ஏறத்தாழ 20 கோடி சூரிய நிறை. எம்-87-இன் நடுவிலோ 650 கோடி சூரிய நிறை இருப்பதாக இன்று அறிகிறோம். ஆகவே அதனை இத்துகளின் கோளம் என்று கூற வழியில்லை. எல்லையைக் கடந்த கோளம் சரிந்து கருந்துளையாகி, மேலும் வளர்ந்ததே எம்-87 என்று இக்கொள்கையினரும் ஒப்புக்கொள்கின்றனர். கருந்துளையை முற்றிலும் விலக்கும் நோக்கத்துடன் கேப் டவுனில் தொடங்கிய கருத்து, லா பிளாட்டாவில் கருந்துளைக்குத் தாயாகவே மாறிவிட்டது. தொடக்க காலத்துப் பிரபஞ்சத்தில் பெருங்கருந்துளைகள் இவ்வளவு விரைவில் எப்படித் தோன்றின என்னும் புதிருக்கு இது ஒரு விடையாகலாம் என்பர் அவர்கள். இது தோல்வியை மறைக்கும் உபாயம் என்று சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு கொள்கை, தான் எங்கே செல்லாது என்பதைத் தன் கணக்கினாலேயே கூறிவிடுவது அதற்கு இழிவன்று.

போசான்கள் என்னும் மற்றொரு வகைத் துகள்களாலான கோளத்தைப் பற்றியும் 1968 முதல் ஆராய்ச்சி நடந்துள்ளது. 2000-இல் டியேகோ டோரஸ் முதலியோர் தனுசு ஏ*-வுக்கு அதனைப் பொருத்திப் பார்த்தனர். பவுலியின் விதி இங்கே இல்லை. அலையின் பரவும் இயல்பே கோளத்தைத் தாங்குகிறது. துகளின் நிறையை வேண்டியவாறு மிக மிகச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் இக்கோளத்தைச் சோதனைக்கு உட்படுத்துவதும் அந்த அளவிற்குக் கடினம்.

நிழலும் தீப்பொறியும்

2018 மே மாதத்தில் எஸ்-2 மீண்டும் நடுவத்தை நெருங்கியது. அப்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர். சிலியின் பரனால் மலையிலுள்ள நான்கு பெருந் தொலைநோக்கிகளை இணைத்து ஒன்றாக்கும் 'கிராவிட்டி' கருவி, அவ்விண்மீனின் ஒளி ஈர்ப்பினால் சிவப்புப் புறம் சாய்வதை அளந்தது. 2020-இல், அதன் நீள்வட்டப் பாதை ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு முன்னோக்கித் திரும்புவதையும் அளந்தது. பரவிய நிறை பாதையினுள் கணிசமாக இருப்பின் அத்திருப்பம் பின்னோக்கியதாக இருக்கும். பாதையினுள் பரவிக்கிடக்கும் நிறை, நடு நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு என்பது பின்னர் வந்த முடிவு.

அதே 2018-இல் கண்ட மற்றொரு செய்தி, நம் மதிப்பில், இவ்வழக்கில் மிகக் கூர்மையான சாட்சியாகும். தனுசு ஏ* அவ்வப்போது அகச்சிவப்பு ஒளியில் பளிச்சிடுவதுண்டு. அத்தீப்பொறிகள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வேகத்தில், முக்கால் மணி நேர அளவில் ஒரு சுற்று என, நடுவத்தைச் சுற்றுவதைக் 'கிராவிட்டி' கண்டது. சுற்றின் ஆரம் ஏறத்தாழ ஐந்து கோடி கிலோமீட்டர். சூரியனைப் புதன் சுற்றும் தொலைவு இதற்கு நிகரானது. அங்கே அவ்வேகத்தில் சுற்றவேண்டுமாயின், நாற்பது இலட்சத்திற்கு மேற்பட்ட சூரிய நிறை முழுவதும் அவ்வட்டத்திற்குள்ளேயே அடங்கியிருத்தல் வேண்டும். 56 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் கோளத்தின் அளவோ ஆயிரம் கோடி கிலோமீட்டரை எட்டுவது. நாம் கணக்கிட்டுப் பார்த்த அளவில், அக்கோளத்தின் ஆழத்தில் சுற்றும் பொறி இவ்விரைவில் ஓட இயலாது. துகளின் நிறையை அவர்கள் கூறும் மேல் எல்லையான 345 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் வரை உயர்த்தினால் கோளம் மீண்டும் பொறியின் வட்டத்தளவிற்குச் சுருங்கும். ஆனால் அந்நிலையில் அது சரிவின் விளிம்பில் நிற்கும். இன்னும் சிறிது பொருள் விழுந்தால் கருந்துளையாகிவிடும். 20 ஒளி-நாளிலிருந்து புதனின் பாதையளவு வரை, அளவைகள் கூர்மையாகுந்தோறும் கோளம் பின்வாங்கிக்கொண்டே வந்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர். கருந்துளையே மிகத் தகுதியான விளக்கம் என்று நாம் கொள்வதற்கு இப்பின்வாங்கலே முதற்காரணம்.

நிழற்படங்களைக் குறித்தும் ஒரு சொல். நிகழ்வெல்லைத் தொலைநோக்கி என்னும் பன்னாட்டு முயற்சி, 2019 ஏப்ரல் 10-ஆம் நாள் எம்-87-இன் நடுவத்தையும், 2022 மே 12-ஆம் நாள் தனுசு ஏ*-வையும் படமாக வெளியிட்டது. ஒளிவளையமும் நடுவே இருளும் தெரிந்தன. வளையத்தின் அளவு சார்பியல் கூறியதோடு நன்கு ஒத்திருந்தது. 'கருந்துளையைக் கண்ணாரக் கண்டோம்' என்று பலர் எழுதினர். ஆனால் இருண்ட நடுவம் மட்டும் நிகழ்வெல்லைக்குச் சான்றாகாது. 2024-இல் லா பிளாட்டாக் குழுவினரும் அவர்களுடைய நண்பரும் வெளியிட்ட கணக்கில், நிகழ்வெல்லையே இல்லாத ஃபெர்மியான் உள்ளகமும் ஒளியை வளைத்து நடுவே இருளைக் காட்டக்கூடும் என்று தெரியவந்தது. கருந்துளையைச் சூழ ஒளியே பலமுறை சுற்றிவருவதால் உண்டாகும் மிக மெல்லிய உள்வளையம் மட்டும் அங்கே தோன்றாது. அம்மெல்லிய வளையத்தைத் தனியே பிரித்துக் காட்டும் ஆற்றல் 2019, 2022-ஆம் ஆண்டுகளின் படங்களுக்கு இருக்கவில்லை.

பிறிதொரு வாதமும் உண்டு. விழும் வாயு கடினமான மேற்பரப்பில் மோதினால் வெப்பமாகி ஒளிரவேண்டும். தனுசு ஏ*-வோ மிக மங்கலானது. ஆகவே மேற்பரப்பு இல்லை, நிகழ்வெல்லையே உண்டு என்று பிராடெரிக், லோப், நாராயண் ஆகியோர் 2009-இல் வாதித்தனர். மேற்பரப்புடைய பொருள்களுக்கு எதிராக இது வலிய வாதம். கரும்பொருட் கோளத்திற்கு மேற்பரப்பே இல்லையாதலால், வாயு அதனுள் தடையின்றிப் புகுந்துவிடும். அதற்கு எதிராக இவ்வாதம் அவ்வளவாகச் செல்லாது. எதிர்ப்பக்கத்தின் எந்த வாதம் எந்த மாற்றை வீழ்த்துகிறது என்று பிரித்தறியாமல், எல்லா மாற்றுகளும் ஒருங்கே வீழ்ந்தன எனக் கூறுவது பொது எழுத்துகளில் மலிந்துள்ள குறை.

பரனாலில் 'கிராவிட்டி' கருவி மேலும் கூர்மையாக்கப்பட்டு வருகிறது. எஸ்-2-வைவிட மங்கலான விண்மீன்களின் பாதைகள் அதன் இலக்கு. அவற்றுள் ஒன்று எஸ்-2-வைக் காட்டிலும் நடுவத்தை நெருங்கிச் செல்லுமாயின், கோளம் ஒளிந்துகொள்ள இன்னும் எவ்வளவு இடம் உண்டு என்பது அதன் பாதையிலிருந்தே தெரிந்துவிடும். எஸ்-2 விண்மீனோ தன் சுற்றை முடித்துக்கொண்டு 2034-ஆம் ஆண்டில் மறுபடியும் நடுவத்தை நெருங்கும்.